தலைக்கு மேலே போன சங்கு

“ஒரே வூடு. மாடில கீறவங்களுக்குச் சங்கு கேக்குது, கீழ கீற உங்கம்மாவுக்குக் கேக்கல. காத்து இன்னா, உங்கம்மா காதப் பார்த்து மட்டும் வீசுதா?”

கிடங்கு மேஸ்திரி இப்படிக் கேட்டு என்னைத் திருப்பி அனுப்பினார். கேள்வியைச் சுமந்துகொண்டு திரும்பி வருவது எனக்குப் பழக்கமில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது பெண்கள் பள்ளியில் ஐந்தாம் பாரம், இன்றைய கணக்கில் பத்தாம் வகுப்பு. தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும்.

அம்மா கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேர்க்கடலை பொறுக்கினாள். நாங்கள் அங்கிருந்து மேற்கே, வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடிவீட்டின் கீழறையில் குடியிருந்தோம். வீட்டில் கடிகாரம் கிடையாது. கிடங்கின் நீராவிச் சங்குதான் கடிகாரம். விடிவதற்கு முன் முதல் சங்கு ஊதினால் எழுந்து கிளம்ப வேண்டும். இரண்டாவது சங்கில் கதவை மூடிவிடுவார்கள். ஆடி பிறந்ததிலிருந்து அம்மா மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது வழக்கமாகிப் போனது.

காது போய்விட்டது என்று மேஸ்திரி முடிவு கட்டிவிட்டார். கிடங்கு முற்றத்தில் தண்டவாளத்தின் மேல் தள்ளுவண்டிகள் ஓடும். வண்டி தள்ளுகிறவன் போடும் சத்தம் கேட்காத பெண்ணை வைத்துக்கொள்ள மாட்டேன், ஆடி முடிந்ததும் நிறுத்திவிடுவேன் என்றார். கூப்பிட்டால் திரும்புகிறாளே என்று அவளோடு வேலை செய்தவள் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். “அவ வாயப் பார்த்துப் புரிஞ்சிக்கினு கீறா” என்று அதையும் தள்ளிவிட்டார். நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. கப்பல் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அம்மாவின் வேலை போனால் அடுத்து நிற்பது என் படிப்புதான். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அம்மாவே நம்பத் தொடங்கியிருந்தாள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருப்பாள். பேசும்போது குரலை உயர்த்தினாள். “கத்தாதம்மா” என்றால், “கத்தறனா?” என்று பயந்து கேட்பாள். அந்தப் பயம் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் நான் விழித்தே கிடந்தேன். சங்கு வரவில்லை. கிழக்கு வெளுத்தது, தெருப் பெண்கள் கூடையோடு ஓடினார்கள். அப்போதும் சங்கைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. என் காது நன்றாக இருந்தது. அப்படியானால் அம்மாவின் காதிலும் கோளாறு இல்லை. ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, சங்கு கிழக்கே இருக்கிறது, காற்று சத்தத்தைத் திருப்பித் தள்ளிவிடுகிறது. இதைச் சொல்லத்தான் மேஸ்திரியிடம் போனேன். மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் அந்தக் கிடங்குக்குச் சாக்கு விற்கும் பாய். அவர் வீட்டில் சங்கு தினமும் கேட்பது மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய் அவர் மனைவி பாயம்மாவைக் கேட்டேன்.

“கேக்காம இன்னா? மொட்டமாடில தொழுவறதுக்குக் கைகால் கழுவி ஒளு பண்ணிகினு நிக்கறப்ப ஊதுவான். உங்களுக்கும் கேக்குதுன்னுல்ல நெனச்சேன்” என்றாள்.

அன்றைக்கு விஞ்ஞானப் பாடப் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். எங்கள் ஆசிரியை இசைக்கவையைத் தட்டித் தண்ணீரில் தொட்டபோது தண்ணீர் தெறித்தது நினைவுக்கு வந்தது. அதிர்கிற பொருள் பக்கத்துக் காற்றை இடிக்கிறது, அந்தக் காற்று அடுத்த காற்றை இடிக்கிறது, கடைசியில் காதுக்குள் இருக்கும் சவ்வு அதிர்கிறது. இவ்வளவும் எனக்கு மனப்பாடம். ஆனால் அதே பக்கத்தில் ஒலி நொடிக்கு ஆயிரத்து நூறு அடி ஓடும் என்றும் இருந்தது. ஆடிக்காற்று எவ்வளவு மூர்க்கமாக அடித்தாலும் அதில் ஒரு சிறு பங்குதான் வரும். அது எப்படிச் சங்கைத் திருப்பித் தள்ளும்? நான் மேஸ்திரியிடம் சொன்னது தப்பு. அவர் நினைத்ததும் தப்பு. இரண்டு தப்புக்கும் நடுவில் அம்மாவின் வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியலில் முற்றத்தில் போய் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் ஏதோ முனகல் மாதிரி இருந்தது. மொட்டைமாடிக்கு வந்ததும் சங்கு முகத்துக்கு நேரே நின்று ஊதுவது போல் கேட்டது. ஓடி இறங்கினேன், இல்லை. திரும்ப ஏறினேன், இருந்தது. முதல் சங்கை நீட்டி நீட்டி ஊதுவார்கள்; கடைசி இழுப்பு அடங்குவதற்குள் இன்னொரு முறை இறங்கி ஏறிவிட்டேன்.

“இன்னா புள்ள, பேய் புட்ச்ச மாதிரி ஏறி எறங்கிகினு கீறே? வூட்ல தொழுவறதா வேணாமா?” என்றாள் பாயம்மா.

அன்று பள்ளிக்கூடத்தில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. மாலையில் கடற்கரையோரமாக நடந்தபோது, பெண்கள் சிலர் கைகோத்து ஒரே வரிசையாக எதிரே வந்தார்கள். ஓரத்தில் ஒருத்திக்குப் பொதமணலில் கால் புதைந்தது. அவள் பின்தங்கினாள், மற்றவர்கள் அதே வேகத்தில் நடக்க, வரிசையே அவள் பக்கமாகத் திரும்பிவிட்டது. நான் நடுவழியில் நின்றுவிட்டேன்.

காற்று தரையோரம் சுவரிலும் கூரையிலும் மரத்திலும் உரசித் தளர்ந்துபோகிறது. உயரத்தில் தடையில்லாமல் விரைகிறது. காற்றை எதிர்த்து வரும் ஒலியை ஆள் உயரத்துக்கும் மேலே எழுந்து நிற்கும் ஒரு வரிசையாக நினைத்துக்கொண்டேன். அதன் தலைப்பக்கத்துக்கு எதிர்ப்பு அதிகம், காலடியில் குறைவு. தலை பின்தங்குகிறது. பின்தங்கிய பக்கமாக வரிசை திரும்புகிறது, அதாவது மேலே. சங்கொலியைக் காற்று நிறுத்தவில்லை, தூக்கிவிடுகிறது. அது மாடியைத் தொட்டுக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே போய்விடுகிறது. மற்ற மாதங்களில் அப்படி ஒரு காற்று இல்லாததால் தொல்லையும் இல்லை.

அடுத்த விடியலில் அம்மாவை மொட்டைமாடிக்கு இழுத்துப் போனேன். சங்கு ஊதியது. அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அது முடியும்வரை நின்றாள்.

“கேக்குது” என்றாள். பிறகு, “எத்தினி எண்ண பாழாப்போச்சி” என்றாள்.

அவளுக்கு அதோடு போதும். சங்கு கேட்டதும் பாயம்மா மாடித் தரையில் உலக்கையால் இரண்டு இடி இடிப்பதாக ஏற்பாடு. அது உத்தரக் கட்டைக்குள் புகுந்து எங்கள் கூரை வழியே இறங்கி அம்மாவை எழுப்பிவிடும். அம்மா நேரத்துக்குப் போய்விடுவாள். ஆனால் மேஸ்திரி இன்னும் ‘செவுட்டம்மா’ என்றுதான் கூப்பிட்டார். ஆடி முடிந்ததும் நின்றுவிட வேண்டும் என்பதிலும் மாற்றமில்லை. மாடிக்கு வந்து பாருங்கள் என்று அம்மா கேட்டதற்கு, “உன் வூட்டு மெத்த ஏறத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறானா?” என்றிருக்கிறார்.

“விடு கண்ணு. வாய் இருக்கறவன் பேசறான்” என்றாள் அம்மா. என்னால் விட முடியவில்லை.

தெருவில் கிடங்குக்குப் போகும் பெண்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். காலையில் சங்கு கேட்கிறதா என்று கேட்டேன். எல்லோரும் கேட்கிறது என்றார்கள். எதிர்வீட்டக்கா மட்டும் என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய், “எங்க கேக்குது? பால்கார்ன் வந்தான்னா ஓடறேன். கேக்கலன்னு சொன்னா என்னையும் செவுடின்னுடுவான்” என்றாள். அதைக் கேட்டபிறகு மற்ற வீடுகளுக்குத் திரும்பவும் போனேன். இந்த முறை நானே முதலில் “எனக்குக் கேக்கல” என்றேன். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஒருத்தி காக்கையை நம்பியிருந்தாள், இன்னொருத்தி பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை.

மறுநாள் அத்தனை பேரும் பாயம்மாவின் மொட்டைமாடியில் சங்கைக் கேட்டுவிட்டு ஒன்றாகக் கிளம்பினோம். கிடங்கு வாசலில் அம்மாவை முன்னால் நிறுத்தி, தரையில் நின்றால் எங்கள் யாருக்கும் சங்கு கேட்பதில்லை என்று சொன்னோம்.

மேஸ்திரி வரிசையைப் பார்த்தார். “இத்தினி பேரும் செவுடா?”

“ஆமா மேஸ்திரி, எல்லாரையும் நிறுத்திடு. கொட்டைய நீயே குந்திப் பொறுக்கு” என்றாள் அம்மா.

பின்னால் சிரிப்பு கிளம்பியது. மேஸ்திரி கதவிலிருந்து ஒதுங்கினார். “போ போ, எல்லாம் போ. உன்ன இன்னா, நிறுத்தியா புட்டேன்?” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “இப்ப இன்னா பண்ணணும்ன்ற?”

சங்குக் குழாய் கொதிகலன் கொட்டகையின் தாழ்ந்த கூரையில் இருக்கிறது, அதைப் புகைபோக்கியின் உயரத்துக்கு ஏற்றினால் இன்னும் கொஞ்ச தூரம் கேட்கும் என்றேன்.

“அத எங்கிட்ட சொல்லி? தெகிரியம் இருந்தா தொரைகிட்ட போயி சொல்லேன், பாக்கலாம்.”

கிடங்கை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் அறை முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அம்மா என் முந்தானையைப் பிடிக்கக் கை நீட்டினாள். அதற்குள் நான் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டிருந்தேன்.