மலைக்கு அம்மாவும் வந்தாள்

யாராவது டூர் போகலாமா என்று வாயைத் திறந்தாலே எனக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கிவிடும். போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும், மூட்டை கட்டுகிறவள் யார் என்றுதான் முதலில் கேட்பேன். இதைச் சொல்லிச் சொல்லி என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பத்து வயதில் நானும் அவர்களைப் போலத்தான் இருந்தேன். அப்போது நான் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

நாங்கள் அப்போது மேனாம்பேட்டில் ஒரு வாடகைப் போர்ஷனில் இருந்தோம். அப்பாவுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் வேலை. அம்மாவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் வேலை. நாள் முழுக்க நின்றபடி சட்டைகளில் தொங்கும் நூலை நறுக்கிவிட்டு வந்து, நின்றபடியே எங்களுக்குச் சமைப்பாள். எங்களுக்கு என்றால் அப்பா, நான், தம்பி, போதாக்குறைக்கு எங்களோடு தங்கியிருந்த மாமா. மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அம்மா உட்கார்ந்து நான் பார்த்தது பஸ்ஸில் போகும்போது மட்டும்தான், அதுவும் இடம் கிடைத்தால்.

மலை ஏறும் கிறுக்கு மாமாவுக்குத்தான் முதலில் பிடித்தது. அவரோடு வேலை செய்த ஒருவருக்கு ஊத்துக்கோட்டைக்கு அப்பால் ஏதோ கிராமம். அவர் ஒருமுறை தன் ஊர் மலைக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். திரும்பி வந்த மாமா, பொங்கல் லீவில் நாம் எல்லோரும் மலை ஏறப் போகிறோம், மேலேயே கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார். மாட்டுப் பொங்கலன்று கிளம்பி, காணும் பொங்கல் சாயங்காலம் திரும்புவது.

“ஊரே பீச்சுல நசுங்கிகினு கெடக்கும், நாம மட்டும் மேல ஜம்முனு கீறோம்” என்றார்.

எங்களில் ஒருவரும் அதுவரை மலை ஏறியதில்லை. அப்பா ஏறிய ஆகப் பெரிய உயரம் அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலம். மாமாவின் சிநேகிதர் ஒரு வெல்டர், அவரும் சேர்ந்துகொண்டார். அவருக்கு ஏணியில் நாலு படி ஏறினாலே கிறுகிறுக்கும், ஆனால் அதை வெளியே சொல்ல வெட்கம். எல்லோருக்கும் பயிற்சி வேண்டும் என்று மாமா அந்த மேம்பாலத்துக்கே கூட்டிப் போனார். ஆளுக்கு ஒரு பையில் அஞ்சு கிலோ அரிசியைப் போட்டு முதுகில் கட்டிக்கொண்டு, பத்து தடவை ஏறி இறங்க வேண்டும். நாலாவது தடவையில் வெல்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவது தடவையில் டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார். மலை ஏற ப்ராக்டீஸ் என்று மாமா விளக்கினார். மலை ஏறினாலும் சரி, இமயமலையே ஏறினாலும் சரி, பிளாட்பாரம் டிக்கெட் எங்கே என்று கேட்டு அபராதம் தீட்டிவிட்டார் அவர். செலவில்லாமல் போய்வருவதுதான் எங்கள் திட்டம், அதில் முதல் ஓட்டை அங்கேதான் விழுந்தது.

மிச்சத்தையெல்லாம் ஓசியில்தான் தேற்றினோம். கயிறு, தெரிந்த லாரிக்காரரிடம் இரவல். கூடாரத்துக்கு மாமா எங்கிருந்தோ காலி சிமெண்ட் சாக்குகளைக் கொண்டுவந்தார். அவற்றைக் கழுவிக் காயவைத்து, பிரித்து, மிஷினில் ஒன்றோடொன்று தைத்துக் கொடுத்தது அம்மா. மூன்று ஊசி உடைந்தது, அம்மா முகம் சுளிக்கவில்லை. பஸ் செலவுக்குக் குறைந்தபோது, யாரும் கேட்காமலேயே மூன்று சனிக்கிழமை ஓவர்டைம் பார்த்துப் பணத்தை மாமா கையில் கொடுத்தாள். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்குக் கேட்டால் ஆயிரம் கேள்வி கேட்கிற அம்மாவா இது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

காரணத்தை ஒருநாள் அடி பம்பில் என் காதாலேயே கேட்டேன். நான் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அடித்துக்கொண்டே பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம் சொன்னாள்.

“முழுசா ரெண்டு நாளு, அக்கா! ஊட்ல ஒர்த்தரும் இருக்க மாட்டாங்க. ஒலயே வெக்கப் போறதில்ல. ரெண்டு பன்னு வாங்கி வெச்சிகினு, கதவ சாத்திகினு தூங்கப் போறேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அய்யோ பாவம், நாமெல்லாம் ஜாலியாகப் போய்விடுவோம், அம்மா மட்டும் பூட்டின வீட்டில் சோறுகூட இல்லாமல், வெறும் பன்னைத் தின்றுவிட்டுத் தனியாகக் கிடப்பாளே! அழுகை வரக்கூடாதென்றுதான் சிரிக்கிறாள் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

போகியன்று மத்தியானம் கடைசிக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. சாமான்களை ஒவ்வொன்றாக மாமா சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். சாப்பாடு என்று வந்தபோது சிக்கல் வந்தது. சமைக்க எவருக்கும் தெரியாது. ப்ரெட்டும் ஜாமும் போதும் என்றார் மாமா. வெல்டருக்கு இது சாக்காகப் போயிற்று.

“ஜாம நக்கிகினு எவன் மச்சான் மலை ஏறுவான்? நா வர்ல, ஆள உடு.”

அப்பாவும் உடனே தளர்ந்துவிட்டார். “அப்ப உட்டுடு. ஊட்லயே இருப்போம். கறி எடுத்தாந்து ஆக்கித் துன்னுட்டுப் படுப்போம்” என்றார்.

சமையற்கட்டில் அம்மிச் சத்தம் நின்றது. அம்மா கையைக்கூடத் துடைக்காமல் வெளியே வந்தாள். ரெண்டு நாளைக்கும் புளிசோறும் சப்பாத்தியும் தானே கட்டித் தருவதாகச் சொன்னாள். “விடிகாலைல எழுந்து செஞ்சி வெச்சிடறேன். நீங்க கெளம்புனா போதும்” என்றாள். அவள் குரலில் ஒரு அவசரம் இருந்தது. வெல்டரின் சாக்கு செல்லாமல் போயிற்று. பயணம் பிழைத்துக்கொண்டது.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

“அம்மாவும் வரட்டும்! அம்மாதானே எல்லாம் செஞ்சிது, அத மட்டும் உட்டுட்டுப் போவீங்களா? அம்மா வரலன்னா நானும் வர்ல” என்று கத்தினேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

வெல்டர் தொடையில் தட்டினார். அக்கா வந்தால் மலைமேல் சுடச்சுடச் சோறு என்றார். இது நமக்கு ஏன் தோன்றவில்லை என்று மாமா தன் தலையில் குட்டிக்கொண்டார். அப்பாவின் முகத்தில் நிஜமாகவே ஒரு பிரியம் தெரிந்தது. “ஆமாமே, நீயும்தான் எங்க போயிருக்க? வா” என்றார்.

“நான் எதுக்கு? ஊட்ட யாரு பாத்துக்கறது?” என்றாள் அம்மா.

பூட்டிச் சாவியைப் பக்கத்துப் போர்ஷனில் கொடுக்கலாம் என்றேன். பால் வாங்க வேண்டும் என்றாள். ரெண்டு நாள் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். முட்டி வலிக்கிறது என்றாள். தைலம் எடுத்துக்கொள்வோம், நான் தேய்த்துவிடுகிறேன் என்றேன். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்வது போல டக்டக்கென்று அடைத்துக்கொண்டே வந்தேன். என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அம்மா என்னையே பார்த்தாள். கோபமாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், இது கோபமில்லை. நான் நோட்டில் புளிசோற்றை அடித்துவிட்டு அரிசி, பருப்பு, ஸ்டவ், பெரிய குண்டான் என்று எழுதினேன்.

குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டே அம்மா இரண்டு பஸ் மாறினாள். மலையில் பாதி தூரத்தில் ஒரு சுனை, அதன் பக்கத்தில் சிமெண்ட் சாக்குக் கூடாரம் எழும்பியது. ஆண்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மல்லாந்து படுத்தார்கள். அம்மா ஸ்டவ்வைப் பற்றவைத்தாள்.

மறுநாள் காலையில்தான் நிஜமான ஏற்றம். சுனைக்குப் பின்னாலேயே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பாறை. மாமா சுற்றுவழியில் மேலே போய் மரத்தில் கயிற்றைக் கட்டிக் கீழே விட்டார். வெல்டர் பாதியில் கண்ணை மூடிக்கொண்டு பல்லிபோல ஒட்டிக்கொண்டார், ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று. அவரைத் தூக்கி விடுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அப்பா ஏறினார். தம்பியும் நானும் ஏறினோம். மேலே காற்று சட்டையைப் பிய்த்துக்கொண்டு போனது. அந்தச் சந்தோஷத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். கீழே பார்த்தால் அம்மா ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் குச்சியுமாகக் குரங்கு விரட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, மேல வா!” என்று கத்தினேன்.

“கொழம்பு கொதிக்குதுடி” என்று கீழேயிருந்து பதில் வந்தது.

காணும் பொங்கல் இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தோம். எல்லோரும் போட்டது போட்டபடி படுத்துவிட்டார்கள். விடிந்தால் அம்மாவுக்குக் கம்பெனி. அவள் கரிபிடித்த குண்டானையும், இரண்டு நாள் அழுக்குத் துணியையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

“இனிமே எங்க போனாலும் உன்ன உட்டுட்டுப் போவவே மாட்டோம்மா. தனியா இருக்கவே உட மாட்டோம்” என்றேன்.

குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அப்புறம் ஈரக்கையால் என் கன்னத்தைத் தடவி, “சரிம்மா, போய்ப் படு” என்றாள். நான் வாசற்படி வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். அம்மா பாத்திரத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். மலை ஏறின களைப்பு என்றுதான் நான் நினைத்தேன்.