திருப்பிப் பார்க்காத முதுகு

நம்பினால் நம்புங்கள். டாக்டர் புகழேந்திக்குப் பட்டப்பகலில், நாலு பேர் நடுவில் நடந்தது இது. மூன்று வாரமாகியும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் அவன்தான் ஒரே டாக்டர். சித்திரைப் பௌர்ணமியன்று வேன் இடித்துத் தூக்கிவந்த பூ வியாபாரி ஆதிமூலம், அவன் கண்முன்னாலேயே செத்துப்போனார். முன்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. முதுகைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆள்மேல் சாராயமும் வாந்தியுமாக வீசிய நாற்றத்தில், தொடவே கூசியது இந்தத் துரைக்கு. படித்த படிப்பென்ன, செய்த காரியமென்ன, சீ! தன்னால்தான் அவர் செத்தாரா என்ற கேள்வி அவனைத் தூங்கவிடவில்லை. அதனால்தான், வேங்கிக்காலில் விபத்து சிகிச்சைப் பயிற்சி என்றதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தான்.

மதியம் 3.10. மேஜைமேல் ஆளுயர ரப்பர் பொம்மை. பயிற்சி தரும் டாக்டர் வினோதினி நீலக் கையுறை கொடுத்தார். அவனுடைய நிலையத்தில் வெள்ளைதான் வரும். நீலத்தை அன்றுதான் முதல்முறை போட்டான்.

"தலைய புடிச்சவங்க எண்ணுங்க. மூணுன்னதும் எல்லாரும் ஒண்ணா திருப்பணும். புகழேந்தி, நீங்க முதுக தடவிப் பாருங்க."

ஒன்று... இரண்டு... மூன்று.

பொம்மை கனத்தது. ரப்பர் அவ்வளவு கனக்காது.

3.12. நாற்றம் வந்தது. சாராயம். புளித்த வாந்தி.

"மேடம், ஏதோ நாத்தம் வருதே..."

"எனக்கு ஒண்ணும் வரலையே. தடவுங்க."

தடவினான். ரப்பர் இல்லை. தோல். சூடாக, பிசுபிசுவென்று...

இடது தோள்பட்டைக்குக் கீழே ஓர் ஓட்டை. விரல் உள்ளே வழுக்கியது. கொழகொழவென்று...

ப்ளக்.

ஏதோ விரலைக் கவ்வியது.

வெடுக்கென்று இழுத்தான். கையுறையின் விரல் நுனி கிழிந்துபோயிருந்தது. ரத்தம் இல்லை. பொம்மையின் முதுகு காய்ந்து, மொழுமொழுவென்று இருந்தது. ஓட்டையே இல்லை. கிழிந்த துண்டை மேஜைக்கடியிலெல்லாம் தேடினார்கள். கிடைக்கவில்லை. வாசலுக்கு ஓடிக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தான்.

மறுவாரம் ஆதிமூலத்தின் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. பரிசோதனை நடந்த தேதி, பயிற்சிக்கு ஒன்பது நாள் முன்பு. இடது தோள்பட்டைக்குக் கீழே நுரையீரல் வரை காயம் என்று இருந்தது. அவன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. தப்பு அவனுடையதுதான்.

அதற்கு அடுத்த வரியைத்தான் அவனால் இன்றுவரை யாரிடமும் காட்ட முடியவில்லை.

'காயத்தின் உள்ளிருந்து எடுக்கப்பட்டது: கிழிந்த நீலக் கையுறையின் விரல் நுனி, ஒன்று.'