சென்னையில் இருக்கும் புவனா

எங்கள் வீட்டு இளைய மருமகள் புவனா, கோயமுத்தூரில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். மூத்தவளான நான் எட்டாவதோடு சரி. கருமத்தம்பட்டியில் தறிக் குடோனும் வீடும் ஒரே காம்பவுண்டு. கேட்டைத் தாண்ட மாமியாரிடம் உத்தரவு வாங்க வேண்டும். புவனா இதில் வந்து விழுந்தது தொண்ணூற்று நாலில்.

தறி நாடாவுக்குள் வைக்கிற தார்க் குச்சியில் நூல் சுற்றுவது எங்கள் இருவர் வேலை. தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி எனக்குக் கதை சொல்வாள். வானத்தில் கருந்துளை என்று ஒன்று இருக்கிறதாம். உள்ளே போனால் வெளிச்சம்கூடத் திரும்பாதாம்.

"நம்ம மாமியா ஊடுன்னு சொல்லு" என்றேன்.

சிரித்தாள். ஆனால் அவளுக்குப் பிடித்த கதை வேறு. "நம்ம பிரபஞ்சமாட்டவே இன்னும் நெறைய இருக்கலாமுங்கக்கா. இங்க நடக்காம போனது அங்க நடந்திருக்குமாம்."

அவளுக்கு எம்.எஸ்ஸி. படிக்கச் சென்னையில் இடம் கிடைத்திருந்தது. அதே சமயம் என் கொழுந்தன் தனபாலின் ஜாதகமும் போய்ச் சேர்ந்தது. அவள் அப்பா முடிவைச் சாமியிடம் விட்டார். மாரியம்மன் கோயிலில் பூக்கேட்டார்கள். இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் கல்யாணம். பூசாரி எடுத்துக் கொடுத்தது சிவப்பு.

"அங்க வெள்ளை வந்திருக்கும். அந்தப் புவனா சென்னைல படிச்சுட்டு இருப்பா" என்பாள். அந்தப் புவனாவின் ஹாஸ்டல் ரூம், சிநேகிதிகள் எல்லாம் எனக்கே அத்துபடி. கிறுக்குத்தனம்தான். ஆனால் அவளைத் தாங்கிப் பிடித்திருந்ததே அந்தப் பேச்சுதான். மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாளில், "அவ இன்னைக்கு பீச்சுக்குப் போயிருப்பாங்கக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த தாரைப் போடுவாள்.

இரண்டு வருஷம் கழித்து ஓர் ஆடி மாதத்தில் அவள் அம்மா சுப்பாத்தாள் வந்தார். மகன் மனோஜ்குமாருக்குப் பெங்களூரில் படிக்க இடம் கிடைத்திருந்தது. அப்பா மறுபடியும் பூக்கேட்கச் சொல்லிவிட்டாராம். கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினார். இரண்டு வாழையிலைத் துண்டு. இரண்டிலும் வெள்ளரளி.

"ஏம்மா, செவப்பு வெக்கலையா?" என்றாள் புவனா.

"பையனோட படிப்பு கண்ணு. சாமி பாட்டுக்குச் செவப்பை எடுத்துக் குடுத்துபோட்டா என்ன பண்றது?" சுப்பாத்தாள் நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். "உனக்கும் நாந்தானே கட்டுனேன். ரெண்டும் செவப்பு. இப்ப நீ ராணியாட்டம் இருக்கற இல்ல?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியை யாரும் கேட்கவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பொட்டலங்களைப் பிடுங்கிச் சாக்கடையில் எறியலாம் போலிருந்தது.

"அப்ப எதை எடுத்திருந்தாலும் செவப்புத்தானாம்மா?"

"ஆமா கண்ணு."

குடோனிலிருந்து மாமியார் கூப்பிட்டார். புவனா எழுந்து போய்த் தார் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அடுத்த தாரைப் போட்டாள். பொறுக்க முடியாமல் அவள் காதருகே கத்தினேன்.

"அம்மணி, அந்தப் புவனா இன்னைக்கு என்ன பண்றா?"

அறுந்த நூலை முடிந்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"அவளும் தாருதானுங்கக்கா சுத்தறா."