பதினேழாம் பெட்டி

என் அக்கா வீட்டுக்காரர் நிலவியல் ஆய்வு நிலையத்தில் கிடங்குக் காப்பாளர். பூமியைத் துளைபோட்டு எடுத்த உருளைக் கற்களை, மேலே இருந்தது மேலே, கீழே இருந்தது கீழே என்று வரிசை தப்பாமல் பெட்டிகளில் அடுக்குவதுதான் முப்பத்தோரு வருஷமாக அவர் பிழைப்பு. வீட்டில் தன் செருப்பைத் தினமும் தேடுவார். கிடங்கில் எந்தக் கல் எங்கே என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார்.

உலக நிலவியல் மாநாடு எங்கள் ஊருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இயக்குநர் பதினோரு வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கிய வாய்ப்பு. அந்தக் கல்யாணத்துக்குப் பதினேழாம் பெட்டிதான் மாப்பிள்ளை. புதிதாகப் போட்ட துளையில் பதினேழாவது, இன்னும் யாரும் படம்கூட எடுக்கவில்லை. அதிலிருந்த எரிமலைச் சாம்பல் அடுக்கைக் காட்டித்தான் இயக்குநர் பேசுவதாக இருந்தது.

பத்து நாள் முன்னால் அத்தான் அதைத் தூக்கும்போது அடிப்பலகை விட்டுவிட்டது. மூன்று துண்டுகள் தரையில். இரண்டை எப்படியோ பொருத்திவிட்டார். சாம்பல் துண்டுக்கு மட்டும் தலை எது, கால் எது என்று தெரியவில்லை. கல்லை எடுத்த கையோடு மேல்பக்கம் காட்டி அம்புக்குறி போடவேண்டும். மாநாட்டு அவசரத்தில் அதை விட்டிருந்தார். ஏதோ ஒரு பக்கமாக வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அப்புறம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள்.

"தலைகீழா இருந்தா என்ன அத்தான்? கல்லுதானே?"

"எது முன்னாடி நடந்தது, எது பின்னாடின்னே மாறிடும். அவர் மேடையில சொல்றது பொய்யாயிடும்டா."

"அப்ப சொல்லிடுங்க."

"சர்வீஸ் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. வேலை போச்சுன்னா உங்கக்காவுக்கு நீ பதில் சொல்வியா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

மாநாட்டன்று, இயக்குநர் மேடையேறக் கால் மணி நேரம் இருக்கும்போது, அத்தான் போய்ச் சொல்லிவிட்டார். இயக்குநர் திட்டவில்லை.

"நிச்சயமாத் தெரியாதா?"

"தெரியாதுங்க சார்."

இயக்குநர் மேடையேறி, முந்நூறு வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் நடந்ததைச் சொல்லி, பேச வந்ததைப் பேசாமல் பத்தே நிமிஷத்தில் இறங்கிவிட்டார். அத்தான் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

வேலை போகவில்லை. மறுவாரம் இயக்குநர் அந்தப் பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டினார்: "இதன் வரிசையை நம்ப வேண்டாம்." கீழே, தகவல் சொன்னவர் என்று அத்தான் பெயர். அங்கே அதுதான் முறையாம்.

அவர் சரியாக அடுக்கிய நாலாயிரம் பெட்டிகளில் ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது.