குலுக்கை வளைவு

எங்கள் வீட்டின் நடுக்கூடமான பட்டாசாலையில் ஒரு ரயில் இருபத்தாறு நாள் ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. பெரும்பாலும் அது விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் சாத்தூருக்கு வண்டி கட்ட வேண்டிய காலம். ஆகவே விழுகிற ரயிலானாலும் பார்க்க ஆள் வந்தது.

அப்பா வடக்கே எங்கோ ஒரு ரயில் ஷெட்டில் பிட்டராக இருந்தவர். நீராவிக் குழாய் ஒன்று வெடித்து இடது கை தோள்வரை வெந்துபோன பிறகு ஊருக்குத் திரும்பினார். நாலு மாதம் அம்மா அவரை வாழையிலையில் கிடத்தி, வேளைக்கு வேளை இலை மாற்றினாள். ஐந்தாம் மாதம் அவர் எழுந்து உட்கார்ந்து பித்தளைத் தகடும் அரமும் கேட்டார். எஞ்சின் அப்படித்தான் உண்டாயிற்று. ஒரு சாண் நீளம், ஆறு சக்கரம், அடியில் ஸ்பிரிட் விளக்கு, மேலே உழக்குத் தண்ணீர் கொள்ளாத கொதிகலன்.

அது விளையாட்டுச் சாமானாகவே இருந்திருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும், நிலபுலம் உள்ள பெரிய சம்சாரி ஒருவர் பருத்தி அரைக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்தார். ஆலைக்கு நீராவி எஞ்சின் கப்பலில் வந்து இறங்கிவிட்டது. ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. அப்பா போய்க் கேட்டார். நீ செய்த எஞ்சினைக் கொண்டுவா, என் கண் முன்னால் பத்துச் சுற்று விழாமல் ஓடட்டும், வேலை உனக்குத்தான் என்று அவர் சொல்லிவிட்டார். ஆனி முடிவதற்குள் வர வேண்டும். இது தவறினால் அப்பாவுக்கு வேறு வழி இல்லை. ஒரு கை மடங்காத ஆளை எந்தக் களத்தில் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

இரும்புப் பட்டையை மரக்கட்டைகளில் அடித்து, பட்டாசாலையைச் சுற்றித் தண்டவாளம் போட்டார் அப்பா. மூன்று வளைவுகளை எஞ்சின் ஒழுங்காகக் கடக்கும். நாலாவது வளைவு, நெல் கொட்டிவைக்கும் ஆளுயர மண் குலுக்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே போனதும் முன்சக்கரம் மெல்ல மேலேறும். ஒரு கணம் யோசிக்கும். பிறகு சாய்ந்து விழும்.

காலை வேலைகளின் வரிசை மாறியதே இல்லை. அப்பா தண்ணீர் ஊற்றி விளக்கை ஏற்றுவார். அம்மா சந்தனம், குங்குமம் இட்டுக் கும்பிடுவாள். எஞ்சினின் ஊதல் வேலை செய்யாததால் நான் வாயால் ஊதுவேன். ரயில் புறப்படும். விழும். ஒரு காலைக்கு ஏழெட்டுத் தடவை ஓட்டிப் பார்ப்பதுண்டு. எத்தனை தடவை விழுந்தது என்பதைப் பஞ்சாங்கத்தில் அந்தந்தத் தேதிக்கு நேராக எழுதுவது என் பொறுப்பு. இன்று ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறேன்; எதையும் தேதி போட்டு எழுதும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எது கவிழ்ந்தாலும் தண்டவாளம் போட்டவனைத்தான் குறை சொல்வார்கள். இங்கே தண்டவாளம் போட்டவரும் அப்பாவே. இருந்தாலும் வழக்கத்தை விட முடியவில்லை. வளைவைப் பெயர்த்து அகலமாகப் போட்டார். வெளிப்பட்டைக்கு அடியில் பனையோலை மடித்துச் செருகி உயர்த்தினார். பட்டைகளின் இடைவெளியை ஒரு நெல் மணி அளவு குறைத்தார், பிறகு கூட்டினார். எஞ்சினின் மூக்கில் ஈயம் வைத்துப் பாரமேற்றினார். சாயங்காலம் சக்கரங்களை எண்ணெய்த் துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் சுழற்றிப் பார்த்து, சரியாகத்தான் இருக்கு என்று சொல்லிக்கொள்வார். காலையில் அது மறுபடி விழும்.

இரண்டாவது வாரத்துக்குப் பிறகு வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கே அலுத்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் மட்டும் பல் குச்சியோடு தினமும் வாசலில் நின்று, "ஏட்டி, ஒங்கப்பா ரயிலு இன்னைக்காச்சும் எந்திரிச்சுதா?" என்று கேட்பார். அப்பா பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். விழுந்த எஞ்சினை எடுத்து நிறுத்தும்போது வெந்த கை பாதியில் நின்றுவிடும். மற்றக் கையால் அதைத் தாங்கிக்கொள்வார்.

மூன்றாவது வாரத்தில் அம்மா வீட்டு விலக்காகிப் பின்கட்டில் உட்கார்ந்தாள். சமைத்துப் போட மம்சாபுரத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, தாலியறுத்தவள், நாக்கில் ஈரம் குறைவு.

"எலே தம்பி, இந்த ரயிலு மம்சாபுரம் வந்து சேருமா?"

"மொதல்ல குலுக்கையத் தாண்டட்டும்க்கா."

"நடந்து போனா வெயிலுக்கு முன்னாடி போயிரலாம்டா."

ஆனால் அந்த மூன்று நாளும் ரயில் விழவில்லை. முதல் நாள் யாரும் நம்பவில்லை. இரண்டாம் நாள் அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்; பத்தொன்பது சுற்று ஓடியது. மூன்றாம் நாள் ராஜபாளையத்துக்குச் சொல்லியனுப்பினார். நாலாம் நாள் காலை அம்மா தலைக்குக் குளித்து வந்து எஞ்சினுக்குப் பொட்டு வைத்தாள். முதல் சுற்றிலேயே குலுக்கை வளைவில் அது விழுந்தது.

அப்பா எழுந்திருக்கவே இல்லை. சம்மணமிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். விழாத நாட்கள் மூன்று. மூன்றும் சேர்ந்தாற்போல. பெரிய கண்டுபிடிப்பு கிடைத்த சந்தோஷத்தில் உரக்கச் சொன்னேன்.

"அம்மா பின்கட்டுல இருந்த மூணு நாளுந்தான்ப்பா விழல!"

அத்தை அகப்பையோடு அடுப்படியிலிருந்து வந்தாள். "பிள்ளைக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலையே. இவ கை படுத அன்னைக்கெல்லாம் கவுருது. எம்புட்டு நாளா இதச் சொல்லணும்னு இருந்தேன்!"

அம்மா குங்குமச் சிமிழை மூடினாள்.

அப்பா எஞ்சினைக் கையில் எடுத்துக் கவிழ்த்தார். சக்கரங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு முன்சக்கரத்தின் ஓரத்தில் நகத்தை வைத்துச் சுரண்டினார். மஞ்சளாக ஒரு பொருக்கு பெயர்ந்து விழுந்தது. அடுத்த சக்கரத்திலும் இருந்தது. விளக்குச் சூட்டில் சந்தனம் ஓடுபோல இறுகியிருந்தது.

"கையில ஒண்ணுமில்லக்கா," என்றார். "சந்தனம்."

எங்கள் ஊரில் இதில் அதிசயம் ஏதும் இல்லை. தேர் புறப்படும் முன் சக்கரத்துக்குச் சந்தனம் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆளுயரச் சக்கரத்துக்கு ஒரு விரல் சந்தனம் என்ன செய்யும்? ரூபாய் அகலச் சக்கரத்தைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிவிட அதுவே போதும். அத்தைகூட அசடு வழியச் சிரித்தாள். தேரில் பொட்டு சக்கரத்தின் நடுவில் இருக்கும் என்பது அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா வைத்தது ஓரத்தில், சக்கரம் தண்டவாளத்தைத் தொடுகிற மூலையில், விரல் நுனியால் நன்றாக அழுத்தி.

அப்பாவுக்குத் தோன்றியிருக்கலாம். அவர் அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல், "நாளையிலேர்ந்து பொகைக்கூண்டுல வையி," என்றார்.

"சரிங்க," என்றாள் அம்மா.

இரண்டு நாள் கழித்து எஞ்சினையும் தண்டவாளத்தையும் வைக்கோலில் பொதிந்து மாட்டு வண்டியில் ஏற்றினோம். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டார். ஆலைக்காரர் வாசலில் நின்று, "ஏமய்யா, ரயிலே மாட்டு வண்டியிலதான் வருதா?" என்று கேட்டுத் தானே வெகுநேரம் சிரித்தார். பத்துச் சுற்றுக் கேட்டவர் பதினைந்து ஓடவிட்டுப் பார்த்தார். ஓரிடத்திலும் தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்துவிடு, தங்குவதற்கு ஆலையிலேயே இடம் இருக்கிறது என்றார். பெரிய எஞ்சினைக் கொண்டுவந்து பூட்டியவர்கள் அன்று கொதிகலனில் தீ மூட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதையும் எங்களுக்குக் காட்டினார்கள்.

திரும்பும் வழியெல்லாம் அப்பா தூங்கிக்கொண்டு வந்தார். வண்டி தெருவில் நிற்பதற்கு முன்பே நான் குதித்து உள்ளே ஓடினேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்துவிட்டது என்று கத்தினேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அந்தப் பாய்லரப் பாத்தியாட்டி? எம்புட்டுப் பெருசு?"

"நம்ம வீடு அம்புட்டும்மா!"

"அப்பா எங்கன நிக்கணுமாம்?"

"அதுக்கு ஒட்டுனாப்புலயே. அப்பா ஒருத்தர்தான் நிக்கலாமாம், வேற யாரையும் கிட்ட விட மாட்டாகளாம்."

அம்மா கீழே வைத்த முறத்தை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷத்தில் கை ஓடவில்லை என்று நினைத்தேன். சொல்லாமல் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று மனத்துக்குள் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். ஒன்று பாக்கி இருந்தது. அதையும் பெருமையாகச் சொன்னேன்.

"வாசல்ல நின்னாலே மூஞ்சி எரியுதும்மா. அம்புட்டு அனல்."