கூலிக் கணக்கில் வராதவர்கள்

துடியலூரில் கார் உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறை அவருடையது. ஒல்லியான மனிதர். யாருடன் பேசினாலும் ஒரு கை லேத்தின் மேலேயே இருக்கும். நான் கார் கம்பெனியில் விலைக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஒரு கார் கம்பெனிக்கு அனுப்பவிருந்த விலைக் கொட்டேஷனை என்னிடம் காட்டினார்.

பட்டறையில் நான்கு பேர் வேலை செய்தார்கள். கூலி என்ற இடத்தில் ஒருவருடைய சம்பளம்தான் இருந்தது.

"மற்றவர்கள்?"

"நானு, சம்சாரம், தம்பி. ஊட்டு ஆளுகளுக்கு யாராச்சும் கூலி போடுவாங்களா சார்?"

முதலாளியின் உழைப்பையும் செலவில் சேர்ப்பதுதான் முறை என்று விளக்கினேன். செய்து முடித்த பாகங்களை அளவு பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பினார்.

"நல்லாச் சொல்லுங்க சார். நாஞ் சொன்னா மண்டைல ஏறுறதில்லைங்க."

"சும்மா இரு அம்மணி. சேத்துனா விலை ஏறிப்போகும். வெளிநாட்டுக்காரன் கம்மி விலைக்குப் போட்டு ஆர்டரத் தூக்கீட்டுப் போயிருவான்."

ஆர்டர் அவருக்கே கிடைத்தது. மறுவருடம், கம்பெனிகளின் வழக்கப்படி, கூலிச் செலவைக் குறைத்து விலையை இறக்கச் சொன்னார்கள். இனியாவது என் பேச்சைக் கேட்பார் என்ற நப்பாசையோடு போனேன்.

"சம்பள ஆள நிறுத்திப்போட்டேனுங்க. மச்சான் மில்லு வேலைய உட்டுப்போட்டு வாரேன்னுட்டான்," என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

எந்தக் கணக்கு விதியிலும் மச்சானுக்கு இடமில்லை. எரிச்சலில், "அடுத்த வருடமும் குறைக்கச் சொல்வார்களே?" என்றேன்.

"அதுக்குள்ள பையன் டிப்ளமா முடிச்சுட்டு இங்கயே வந்துருவானுங்க."