விரல் படித்த எழுத்து

விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடிகளில் பேரெழுதும் வேலை பார்த்தவர் ஆதிமூலம். 1971-இல் ஒருநாள் தலைவலியோடு எழுந்தவருக்குப் பேப்பரில் ஒரு வரிகூடப் படிக்க வரவில்லை. எழுத்து தெரிந்தது, என்ன எழுத்து என்பதுதான் தெரியவில்லை.

மனைவி அம்சவல்லி பாண்டிச்சேரிக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாணவர்கள் சூழ நின்ற டாக்டர், "உங்க ஊரு பேரை எழுதுங்க" என்றார். ஆதிமூலம் அழகாக எழுதினார். கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு அதே தாளை நீட்டினார் டாக்டர்.

"இது என்ன?"

"தெரியலிங்களே! யாரு எழுதுனது?"

"மூளையில ஒரு ரத்தக்குழாய் அடைச்சிருக்கு" என்று டாக்டர் மாணவர்களுக்கு விளக்கினார். "எழுதுற இடம் நல்லாத்தான் இருக்கு. கண்ணு பாக்குறது அங்க போய்ச் சேரல."

ஆதிமூலத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கைக்குத் தெரிவது கண்ணுக்குத் தெரியாதா? ஒரு மாணவி எழுதித் தந்த வார்த்தையின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"க... ட... லூ... கடலூரு!"

அம்சவல்லிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அதற்கப்புறம் பஸ் போர்டைக்கூடக் காற்றில் எழுதித்தான் படித்தார். 'ஸ்ரீமுஷ்ணம்' எழுதி முடிப்பதற்குள் சில நாள் பஸ்ஸே கிளம்பிவிடும்.